கிழக்கே தலைவைத்த பச்சைத் துணி

1940ஆம் ஆண்டு சித்திரை பிறக்க ஆறு நாள் இருக்கையில், ஏப்ரல் ஏழாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கந்தப்போடியார் பில்லியட் ஆட்டத்தில் நான்கு புள்ளியால் தோற்றார். தோற்றவர் சிரித்தார். வென்ற நாகரெத்தினம் சிரிக்கவில்லை.

"நாலு, மச்சான்! வெறும் நாலு!" என்று கந்தப்போடியார் கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார். "போன கார்த்திகையில இருபத்தெட்டு. தையில பதினேழு. இண்டைக்கு நாலு. என்ட கை இப்பதான் வழிக்கு வருகுது."

"ஓம் மச்சான். கை வழிக்கு வருகுது" என்றார் நாகரெத்தினம். சொல்லிவிட்டுத் தூரிகையை எடுத்து மேசைத் துணியைத் துடைக்கத் தொடங்கினார். கை அல்ல, துணிதான் காரணம் என்பது அவருக்குத் தெரியும். உலகத்தில் அது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

களுவாஞ்சிக்குடியில், மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்து நூற்று நாற்பது அடி தள்ளி, நாகரெத்தினத்தின் மனைவி சீதேவிப்பிள்ளையின் வளவில் ஒரு நீளமான அறை இருந்தது. முன்பு நெல் போட்டுவைத்த அறை. அதன் நடுவே, கிழக்கு மேற்காக, ஒன்பதடி நீளமும் நாலரை அடி அகலமும் உள்ள ஒரு பில்லியட் மேசை. மேற்குச் சுவரில் இரண்டு சன்னல். பின்னேர வெயில் வாவித் தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து எழும்பி, சன்னல் வழியே உள்ளே வந்து, ஓட்டுக்கூரையின் உட்புறத்தில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். மேலே தண்ணீரின் வெளிச்சம், கீழே பச்சைத் துணி. அந்த அறைக்குள் சற்று நேரம் சும்மா இருந்தால், வாவியின் அடியில் உட்கார்ந்து மேலே பார்ப்பதுபோலத் தோன்றும். பந்துகள் மோதும் சத்தம்கூடத் தண்ணீருக்குள் கேட்கும் சத்தம்போல மென்மையாக வரும்.

ஒரு சாதாரண மனிதர் வீட்டுக்கு அப்படி ஒரு மேசை வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

நாகரெத்தினம் 1884இல் பிறந்தவர். பதினேழாவது வயதில் மட்டக்களப்பு நகரத்தில் துரைமார் கூடும் ஒரு கிளப்பில் மார்க்கராகச் சேர்ந்தார். மார்க்கர் என்றால் புள்ளிகளைச் சொல்லுகிறவர்; கோலைத் துடைத்துக் கையில் கொடுக்கிறவர்; மேசையைத் தூசி தட்டிப் பார்த்துக்கொள்ளுகிறவர். துரைக்குச் சோடி வராத நாளில் மார்க்கரே எதிரே நின்று விளையாடவும் வேண்டும். விளையாடினால் தோற்க வேண்டும். தோற்பதிலும் ஓர் அளவு உண்டு. அதிகம் தோற்றால் துரைக்கு விளையாடிய சுகம் கிடைக்காது. வென்றாலோ அடுத்த மாதம் வேலை இராது. ஐந்துக்குக் குறையாமல், ஒன்பதுக்குக் கூடாமல் தோற்பதுதான் நல்ல மார்க்கரின் கைத்திறன். நாகரெத்தினம் நல்ல மார்க்கர். இருபத்தாறு வருடம் அந்த நாலு புள்ளி அகலத்துக்குள் தோற்றுக்கொண்டே இருந்தார்.

1927 மார்கழியில் அவர் வேலையை விட்டபோது கிளப்புக்குப் பெரிய மேசை ஒன்று வந்திருந்தது. சின்ன மேசையை வைக்க இடமில்லை. துணி கிழிந்து, ஒரு கால் வெடித்துக் கிடந்த அதை அவரையே கொண்டுபோகச் சொன்னார்கள். செயலாளராக இருந்த துரை, அலுமாரிக்குள் சுற்றிவைத்திருந்த புதுத்துணி ஒன்றையும் தூக்கிக் கொடுத்தார். மேசைக்குள் மூன்று கற்பலகை. ஒவ்வொன்றையும் தூக்க ஆறு பேர் வேண்டும். மூன்று தோணியில் மூன்று கல்லையும் ஏற்றி, கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு, வாவி வழியாகத் தெற்கே வந்தார்கள். தோணி விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் நான்கு விரல்தான் இடைவெளி. மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நடுக்கல்லின்மேல் நாகரெத்தினம் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை நாள். அந்தப் பயணம் பிறகும் அவருடைய நித்திரைக்குள் வரும். கற்கள் தோணியிலிருந்து நழுவும், ஆனால் மூழ்காது. தண்ணீரின்மேல் தட்டையாகப் படுத்து, மூன்று கறுத்த பாய்களைப்போல ஒன்றன் பின் ஒன்றாக மிதந்து போகும். அவற்றின்மேல் வெள்ளைப் பந்து ஒன்று விழாமல் உருண்டுகொண்டே இருக்கும். எங்கே போய் நிற்கிறது என்று பார்க்குமுன் விழித்துவிடுவார்.

1928 பெப்ரவரி ஐந்தாம் திகதி ஞாயிறு காலை புதுத்துணி போடும் வேலை தொடங்கியது. சீதேவிப்பிள்ளையின் அண்ணன் கந்தப்போடியார் மண்டூரிலிருந்து தோணி ஏறி வந்திருந்தார். அவர் பெண் எடுத்த ஊர் மண்டூர்; வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. பத்து ஏக்கர் வயல்வட்டையும், நாலு சோடி மாடும், எதற்கும் ஒரு முறையும் வைத்திருந்த போடி, அதாவது நிலக்காரர். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. தங்கச்சி வீட்டில் அண்ணன் சொல்லுக்கு நிறை உண்டு. மாப்பிள்ளையாக வந்தவர் சொல்லுக்கு அவ்வளவு நிறை இல்லை.

"விளையாட்டு எந்தப் பக்கம் இருந்து தொடங்குற?" என்று கேட்டார் கந்தப்போடியார்.

"எந்தப் பக்கமும் வைக்கலாம் மச்சான்."

"அப்ப மேற்க நிண்டு தொடங்கு. கிழக்க பாத்துத்தான் எதையும் தொடங்க வேணும்."

அப்படியே முடிவாயிற்று. பிறகு துணியைப் பிரித்தார்கள். ஒரு முனையில் ஆலையின் முத்திரை. அதற்குள் ஒரு கிரீடம்.

"கிரீடம் இருக்கிற பக்கம் துணியின்ட தலை" என்றார் கந்தப்போடியார். "பாய் விரிச்சாலும் தலை கிழக்கதானே. கிழக்க போடு."

நாகரெத்தினம் கிளப்பில் துணியை ஆயிரக்கணக்கான தடவை துடைத்திருக்கிறார், போட்டதில்லை. துணி போடக் கொழும்பிலிருந்து ஓர் ஆள் வருவான்; கதவைச் சாத்திக்கொண்டு தனியே போடுவான். ஆகவே மச்சான் சொன்னபடியே இழுத்துப் பிடித்து, எழுபத்தெட்டு ஆணியும் அடித்து முடித்தார்கள். கல்லின்மேல் பச்சை ஏறியதும் அறையே குளிர்ந்ததுபோல இருந்தது. சீதேவிப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்து, "நாத்து மேடைபோலக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று அந்தி சாய்கையில் நாகரெத்தினம் முதல் தடவையாகத் துணியைத் துடைத்தார். கிளப்பில் செய்ததுபோலவே ஆட்டம் தொடங்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கித் தூரிகையை ஓட்டினார். கை தடங்கியது. பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவியதுபோல. நின்று, கண்ணை மூடி, உள்ளங்கையால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். அது கம்பளித் துணி. நெல்லின் சுணைபோல மெல்லிய ரோமம் ஒரு திசையில் படுத்திருக்கும். அது ஆடுகிறவர் நிற்கும் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நோக்கிப் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் பந்து நேரே போகும். இங்கே எதிராகப் படுத்திருந்தது. கிரீடம் மேற்கே வந்திருக்க வேண்டும். கிழக்கே பார்த்துத் தொடங்குவதும் சரியான முறை. கிழக்கே தலை வைப்பதும் சரியான முறை. இரண்டும் சேர்ந்தபோது மேசை பிழையாகிவிட்டது.

மச்சான் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வெளியே படுத்திருந்தார். அடித்த அன்றைக்கே ஆணியைப் பிடுங்கச் சொல்ல நாகரெத்தினத்துக்கு வாய் வரவில்லை. மேற்கே பார்த்து விளையாட்டைத் தொடங்கச் சொன்னாலும் அந்த வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார்.

அடுத்த ஞாயிறு விளையாடினார்கள். மூன்று பந்து; இரண்டு வெள்ளை, ஒன்று சிவப்பு. சிவப்பைப் பைக்குள் தள்ளினால் மூன்று புள்ளி. முதலில் நூறைத் தொட்டவர் வென்றவர். கந்தப்போடியார் மெதுவாக விட்ட பந்துகள் எல்லாம் மூலைப் பையை நெருங்கும்போது, உறக்கம் வந்த பிள்ளை சாய்வதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து, பைக்கு முன்னேயே ஓரத்தில் முட்டி நின்றன. நாகரெத்தினம் அந்தச் சாய்வை அறிந்து, சற்றே வெளியே குறிவைத்தார். நாற்பத்தொரு புள்ளியால் வென்றார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் வென்ற முதல் ஆட்டம் அது. அன்றிரவு நித்திரையே வரவில்லை. பந்து பைக்குள் விழும் சத்தம் காதுக்குள் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்றது பிறகு அடுத்த கிழமை ஆயிற்று. அறுவடைக்குப் பிறகு ஆயிற்று. ஒரு வருடம் போனபின் எப்படிச் சொல்லுவது என்று ஆயிற்று. கந்தப்போடியார் இந்த மேசையைத் தவிர வேறு மேசையைக் கண்டதில்லை. எப்போதாவது வரும் பள்ளிக்கூடத்து ஆசிரியரும் மருந்துச்சாலைக்காரரும் அப்படித்தான். மேசைக்கு ஒரு குணம் உண்டு, மார்க்கர் கைக்கு ஒரு ராசி உண்டு என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருடத்தில், விதைப்பும் வெட்டும் இல்லாத ஞாயிறுகளில், கந்தப்போடியார் வாவியைக் கடந்து வந்து நானூற்றுப் பதினொரு ஆட்டம் ஆடினார். நானூற்றுப் பதினொன்றிலும் தோற்றார்.

"எனக்குக் கலப்பை பிடிக்கிற கை. இது கோல் பிடிக்க ஏலாத கை" என்று சொல்லிச் சொல்லி, பிறகு அதை நம்பவும் தொடங்கிவிட்டார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நாகரெத்தினம் குனிந்து, இல்லாத தூசியைத் துடைப்பார்.

துணிக்கு வயது வந்தது. துணியை எப்போது மாற்றுவது என்பதற்குக் கிளப்பில் ஒரு முறை இருந்தது: விளக்கை மேசை விளிம்பு மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்து, கன்னத்தைத் துணியில் வைத்துப் பார்க்க வேண்டும், இழை தெரிந்தால் மாற்ற வேண்டும். நாகரெத்தினம் தானாகவே இன்னொரு முறை கண்டுபிடித்திருந்தார். ஒரு நெல் உமியைத் துணியில் வைத்து மெல்ல ஊதுவார். ரோமம் இருக்கும் இடத்தில் உமி ஒட்டிக்கொண்டு நிற்கும். வழுக்கையான இடத்தில் ஓடிவிடும். 1938இல் சிவப்புப் பந்து வைக்கும் இடத்தில் மட்டும் உமி ஓடியது. 1939 ஆவணியில் மூலைப் பைகளுக்குப் போகும் வழிகளிலும் ஓடியது. வாவியில் தண்ணீர் வற்றும்போது தோணி போகும் வழிகள் வெளிறிக் கோடு கோடாகத் தெரிவதுபோல, துணியில் பந்துபோன வழிகள் தெரிந்தன. 1940 பங்குனியில் உமி எங்கே வைத்தாலும் ஓடியது. சாய்வைத் தந்த ரோமம் போய்விட்டது. பந்து நேரே போகத் தொடங்கியது. கந்தப்போடியாரும் நெருங்கத் தொடங்கினார்.

"துணி நரைச்சுப்போச்சு, மாத்தினா என்ன?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டபோது, "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் அவர். அவள் அதைச் சிக்கனம் என்று நினைத்தாள். அவருடைய நினைப்பு வேறு. புதுத்துணியைப் பழையபடி போட்டால் மச்சான் சாகும்வரை தோற்பார். சரியாகப் போட்டால், ஏன் திருப்பிப் போடுகிறாய் என்று கேட்பார். போடாமலே விட்டால், இன்னும் இரண்டு மூன்று கிழமையில் மச்சான் தானாகவே வெல்லுவார். ஒன்றும் சொல்லத் தேவையிராது. ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு பிழையைத் திருத்த ஒரு வழி இருக்கும்போல அவருக்குத் தோன்றியது.

ஏப்ரல் இருபத்தொன்றாம் திகதி கந்தப்போடியார் தனியே வரவில்லை. காத்தான்குடித் துணி வியாபாரி அப்துல் கபூர், தோளில் ஒரு நீளச் சுருட்டோடு பின்னால் வந்தார்.

"என்ன மச்சான் இது?"

"பிரிச்சுப் பாரு."

பிரித்தபோது பச்சை. அறையின் அரைவெளிச்சத்தில் அது ஈரமாக இருப்பதுபோல மின்னியது.

"கொழும்பு முழுக்கத் தேடினன் மாக்கர் அண்ணன்" என்றார் அப்துல் கபூர். "சீமையில சண்டை. இனிக் கப்பல நம்பேலா. இதுதான் கடைசித் துண்டு. பத்து வருசத்துக்கு இனி இத மாத்துற எண்ணம் வெச்சிராதீங்க."

"உன்ட பழந்துணியில விளையாடித்தான் நான் தோக்கிறன் போல" என்று கந்தப்போடியார் சிரித்தார். "புதுசு போட்டா அந்த நாலு புள்ளியும் வந்திரும். இப்பவே போடுவம்."

தன்னைத் தோற்கடிக்கப்போவதைத் தானே வாங்கிவந்திருப்பது தெரியாமல், தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றார். நாகரெத்தினம் துணியைத் தொட்டுப் பார்த்தார். விரல்நுனியில் சுணை ஒரு பக்கம் மிருதுவாகவும் மற்றப் பக்கம் முரடாகவும் இருந்தது.

"இப்ப ஏலா மச்சான். ஈரக் காத்து. இப்ப இழுத்துப் போட்டா மறுகா தொங்கிப்போகும். கச்சான் வரட்டும்."

அது பொய்யல்ல. வறண்ட கச்சான் காற்றில்தான் துணி நன்றாக இழுபடும். ஆனால் அவர் அதற்காகச் சொல்லவுமில்லை.

"துணிக்கும் போகம் பாக்கிறான் பாரன், என்னவிடப் பெரிய போடி!" என்றார் கந்தப்போடியார். அப்துல் கபூர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மே ஐந்தாம் திகதி கந்தப்போடியார் இரண்டு புள்ளியால் தோற்றார். பன்னிரண்டாம் திகதி உழவு, வரவில்லை. பத்தொன்பதாம் திகதி வந்தார். காற்று அன்றைக்குத்தான் திசை மாறி மேற்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. வாவியின் ஒளி கூரையில் வேகமாக அசைந்தது. ஆட்டம் ஒரு கனவுபோல நீண்டது. பந்துகள் தாமாகவே போய்வருவதுபோலவும் தாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்பதுபோலவும் நாகரெத்தினத்துக்கு இருந்தது. புள்ளி தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு என்று வந்து நின்றது. தொண்ணூற்றெட்டு நாகரெத்தினம். அவருடைய முறை. சிவப்பு, தூரத்து இடது மூலைப் பைக்கு நேரே, அரை முழம் தள்ளி நின்றது. ஒரு பிள்ளையும் தள்ளிவிடும்.

அந்தக் கணத்தில் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. தவறவிடலாம். அந்தக் கைத்திறன் அவரிடம் இருந்தது. ஆனால் மச்சான் துரை அல்ல. துரைக்குக் கொடுத்ததை மச்சானுக்குக் கொடுத்தால் அது பன்னிரண்டு வருடத்தைவிடப் பெரிய பிழை. வெல்லத்தான் அடிப்பது என்று குனிந்தார். உண்மையாகவே வெல்லத்தான் அடித்தார்.

சிவப்பு உருண்டது. நேரே, மிக நேரே போயிற்று. பையின் வெளி உதட்டில் முட்டி, விலகி நின்றது.

அவருடைய கை, அவரைக் கேட்காமலே, சற்று வெளியே குறிவைத்திருந்தது. இல்லாத ஒரு சாய்வுக்கு இடம் விட்டிருந்தது. பன்னிரண்டு வருடம் பழக்கிய கை. நாகரெத்தினம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தார்.

கந்தப்போடியார் மூச்சை அடக்கிக்கொண்டு வந்து, கலப்பை பிடிப்பதுபோலவே கோலைப் பிடித்து, சிவப்பைப் பைக்குள் தள்ளினார். நூறு.

பிறகு, "தங்கச்சி!" என்று ஒரு கூச்சல். குசினியிலிருந்து சீதேவிப்பிள்ளை ஓடிவந்தாள்.

"என்னண்ணே, பாம்பா?"

"பாம்பில்லகா! நான் வெண்டிட்டன்! உன்ட மனிசன வெண்டிட்டன்!"

"அதுக்கா இப்பிடிக் கத்தின? நான் கறிய இறக்காம ஓடிவந்திட்டன்" என்று திட்டினாலும் அவளும் சிரித்தாள். கந்தப்போடியார் வாவிக் கரைவரை நடந்து போய், தோணிக்காரனிடமும் சொல்லிவிட்டு வந்தார். முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"என்ட கை வந்திட்டு மச்சான்" என்று நாகரெத்தினத்தின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "இனி என்னை ஒருத்தரும் பிடிக்கேலா. கச்சானும் வந்திட்டு. வாற ஞாயிறு துணியப் போடுவம்."

அந்த வார்த்தையில் நாகரெத்தினத்தின் கணக்கு முழுவதும் உடைந்தது. இந்த மகிழ்ச்சியோடு வந்து புதுத்துணியில் விளையாடுவார்; சுணை மறுபடி பந்தைச் சாய்க்கும்; வந்த கை போய்விட்டது என்று நம்புவார். சொல்லாமல் திருத்த வழி இல்லை.

மே இருபத்தாறு. பழைய துணியைக் கழற்றி மடித்து வைத்தார்கள். கற்பலகைகள் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வெறுமையாக, கறுப்பாக, குளிர்ந்து கிடந்தன. புதுத்துணியை இருவரும் ஆளுக்கொரு முனையில் பிடித்தார்கள். இதிலும் ஒரு முத்திரை இருந்தது. கிரீடம் இல்லை, ஒரு மணி.

"முத்திரை கிழக்க" என்றார் கந்தப்போடியார்.

"இல்ல மச்சான். மேற்க."

"என்னடாப்பா, போன முறை கிழக்கதானே போட்ட?"

"போன முறை பிழையாப் போட்டம்."

நாகரெத்தினம் துணியை மேசையில் விட்டு, மச்சானின் கையைப் பிடித்து, துணியின்மேல் ஒரு பக்கமாகத் தடவச் செய்தார். பிறகு மறுபக்கமாக.

"தெரியுதா?"

"சுணைபோலக் கிடக்கு."

"அந்தச் சுணை பந்தை இழுக்கும். இதுவரைக்கும் அது உங்களுக்கு எதிராக் கிடந்தது. எனக்கும்தான். ஆனா எனக்குத் தெரியும். நான் அதுக்கு ஏத்தமாதிரிக் கொஞ்சம் தள்ளி அடிச்சன். சுணை தேஞ்சாப்பிறகுதான் நீங்க கிட்ட வந்தீங்க."

"உனக்கு எப்ப தெரியும்?"

"துணி போட்ட அண்டு பின்னேரமே."

காற்று சன்னல் கதவை ஒருமுறை அடித்துத் திறந்தது. கந்தப்போடியார் தன் உள்ளங்கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானூத்துப் பதினொண்டு" என்றார். "அவ்வளவும் தோத்தன்."

"ஓம்."

"நான்தான் கிழக்க போடச் சொன்னன்."

"ஓம் மச்சான். ஆனா அதுக்குப் பிறகு சொல்லாம விட்டது நான்."

கந்தப்போடியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். சீதேவிப்பிள்ளை இலை போட்டுக் காத்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவுமில்லை.

"தங்கச்சி வீட்டில சோறு தின்னாம அண்ணன் இறங்கிப் போனது இண்டைக்குத்தான்" என்று அவள் அறை வாசலில் வந்து நின்றாள். நடந்ததைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "பன்னிரண்டு வருசம் என்னட்டயும் சொல்லல்லியே நீங்க" என்றாள். "என்னட்டச் சொல்லியிருந்தா அண்டைக்கே அண்ணனுக்குப் பேசி ஆணியப் புடுங்க வெச்சிருப்பன். பெரிய ஆள், தலையாம், கிழக்காம்!"

ஜூன் இரண்டாம் திகதி தோணி வரவில்லை. ஒன்பதாம் திகதியும் வரவில்லை. புதுத்துணி ஒரு மூலையில் சுற்றியபடி நின்றது. நாகரெத்தினம் பின்னேரங்களில் வெறுங்கல்லின் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். கச்சான் அடித்தது. கண் சொருகும்போது கற்கள் மறுபடி வாவியில் மிதந்தன. இம்முறை அவற்றின்மேல் பந்து இல்லை. கந்தப்போடியார் அவற்றின்மேல் மண்டூர்ப் பக்கம் நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தார். நாகரெத்தினம் கூப்பிட்டார், காற்றில் கேட்கவில்லை. சரியாகத்தான் போட்டுவிடலாம், மேற்கே முத்திரை வைத்துத் தனியே போட்டுவிடலாம் என்று விழித்தபின் நினைப்பார். ஆனால் அந்தத் துணியை மச்சான் கொண்டுவந்தார். அவர் இல்லாமல் ஓர் ஆணியும் அடிக்க மனம் வரவில்லை.

பதினாறாம் திகதி காலை எட்டரை மணிக்குக் கந்தப்போடியார் வந்தார். வளவில் கால் கழுவிக்கொண்டு நேரே அறைக்குள் போனார். நாகரெத்தினம் பின்னால் போனார்.

"துணியப் பிடி."

பிடித்தார்.

"முத்திரை கிழக்க."

"மச்சான்..."

"கிழக்க எண்டு சொன்னன். கிறுகி, திருப்பிப் பிடி."

"அப்பிடிப் போட்டா பிழையாகும்."

"பிழைதான். அந்தப் பிழையில தானே நான் பன்னிரண்டு வருசம் கிடந்தன்? இப்ப மேற்க போட்டா நான் படிச்ச மேசையும் இல்ல, நீ படிச்ச மேசையும் இல்ல. புது மேசை. மறுகா நான் வெண்டா, புதுமேசையில வெண்டான் எண்டு சொல்லுவாய்." அவர் துணியைப் படீரென்று இழுத்தார். "எனக்கு அந்த மேசையிலதான் வெல்ல வேணும். என்ன செய்யும் எண்டு தெரிஞ்சுகொண்டு, தெரிஞ்ச ஆளோட."

நாகரெத்தினம் துணியைப் பிடித்தபடி நின்றார். பிறகு சுற்றிவந்து, முத்திரை கிழக்கே வரும்படி திருப்பிப் போட்டார். ஆணி அடிக்க மூன்று மணி நேரம் சென்றது. இடையில் கந்தப்போடியார் ஒரேயொரு தடவைதான் பேசினார்: "என்ட தலைவிதியப் பாரு, கள்ளனுக்கே கதவு செய்து குடுக்கிறன்." அதைச் சொல்லும்போது வாயில் இரண்டு ஆணி இருந்ததால் பாதிதான் கேட்டது.

பின்னேரம் ஆட்டம். மேற்கே நின்று, கிழக்கே பார்த்து, கந்தப்போடியார் குனிந்தார். புதுத்துணி வெயிலில் ஆழமான தண்ணீர்போலக் கிடந்தது. சிவப்பு, வலது மூலைப் பையை நோக்கி நின்றது. குறிபார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"எவ்வளவு தள்ளி அடிக்க வேணும்?"

"பெருவிரல் அகலம்."

கந்தப்போடியார் தன் பெருவிரலைப் பார்த்தார். நாற்பது வருடம் கலப்பை பிடித்துத் தடித்து, நகம் பிளந்த விரல்.

"உன்ட விரலா, என்ட விரலா?"

நாகரெத்தினம் இதை ஒருநாளும் யோசித்திருக்கவில்லை. அருகே வந்து தன் பெருவிரலைத் துணியில் வைத்தார். கந்தப்போடியார் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தார். கோல் துடைத்தே மெலிந்த விரல் ஒன்று. அதைவிட மூன்றில் ஒரு பங்கு தடிப்பு மற்றது. பச்சையின்மேல் இரண்டும் அருகருகே கிடந்தன. அவர்கள் விரலை எடுக்காமல் நெடுநேரம் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்டதில முக்கால் வெச்சுப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் கந்தப்போடியார் கோலை எடுத்தார்.